விட்டுக்கொடுக்கும் பொத்தான்

மென்பொருள் எழுத இப்போது பதினோரு நிமிடம் ஆகிறது. அதில் நான்கு நிமிடம் இயந்திரம் தான் எழுதியதைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் நேரம். இது வந்த புதிதில், என்னைப் போன்ற ஆட்களுக்கு இனி வேலை இருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். என் மாமனார் அதைக் கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னார். ஆனால் என்ன எழுத வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்ல யாராவது வேண்டியிருந்தது. அது பதினோரு நிமிடத்தில் முடிகிற காரியம் இல்லை. நான்கு மாதம் ஆகும். நான் திட்டம் போட்டால் ஏழு மாதம்.

என் பெயர் தில்லைநாயகம். திட்ட மேலாளர். முப்பது வருட அனுபவத்தில் நான் சொன்ன தேதியில் ஒரு வேலையும் முடிந்ததில்லை. ஒரே ஒருமுறை இரண்டு நாள் முன்னதாகவே முடிந்தது. விசாரித்ததில், வாடிக்கையாளர் கம்பெனியையே மூடிவிட்டார் என்று தெரிந்தது.

அந்த வருடம் எங்களிடம் வந்தது கோவில்பட்டிக் கனிவு அறக்கட்டளை. சுற்றுவட்டாரத்தில் நான்கு டயாலிசிஸ் மையங்கள், இருபத்திரண்டு மெஷின்கள், நூற்று இருபத்தெட்டு நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். எல்லாம் இலவசம். யாருக்கு எந்தக் கிழமை, எந்த ஷிப்ட், எந்த மெஷின் என்று பங்கிட்டுக் கொடுக்க அவர்களுக்கென்றே ஒரு மென்பொருள் வேண்டும். அதுவரை ஒரு எக்செல் கோப்பில் ஓட்டியிருந்தார்கள். கோப்பின் பெயர் 'ஃபைனல் புதுசு இதான் கரெக்ட் 4'. 2051இலும் எக்செல் சாகவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மருத்துவ மென்பொருள் என்பதால் ஒரு சட்டம் உண்டு. துறை அதிகாரி வந்து பார்த்து சீல் வைத்துவிட்டால், ஐந்து வருடத்துக்கு அதில் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. அதனால்தான் நிழல்களை உண்டாக்கினார்கள். மென்பொருளைப் பயன்படுத்தப்போகிற ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கி, அவர் உடம்பு, குடும்பம், வேலை, ஏறுகிற பஸ், சுபாவம் எல்லாவற்றையும் கேட்டு, இயந்திரம் அவரைப் போலவே ஒரு நிழலைச் செய்யும். நம் திட்டத்துக்குள் நிழல்களை விட்டுவிடுவோம். நாற்பது நிமிடத்தில் அவை பத்து வருடம் வாழ்ந்து முடித்துவிட்டு வந்து, நம் மென்பொருளில் என்ன குறை என்று பட்டியல் கொடுக்கும்.

அந்தப் பட்டியலை வாசிப்பது மெர்சியின் வேலை. மெர்சி செல்வராணி, நாசரேத்துப் பெண், வயது முப்பத்துநான்கு. தேவைகளைக் கேட்டறிபவர் என்பது அவள் பதவி. கேட்பது என்றால் சும்மா இல்லை. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று அவள் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. "போன வாரம் எந்த நாள் எரிச்சலா வந்துச்சு?" என்று கேட்பாள். மனிதர்கள் கொட்டிவிடுவார்கள். நான் ஒரு மாதத்தில் தெரிந்துகொள்வதை அவள் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் தெரிந்துகொள்வாள். ஆரம்பத்தில் எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு சம்பளம் என்னுடையதுதான் அதிகம் என்று தெரிந்ததும் மரியாதையாக மாறிவிட்டது.

நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும், ஆறு வாரம் வேண்டும் என்று அவள் முதலிலேயே கேட்டிருந்தாள். அப்போது ஏற்கெனவே ஐந்து வாரம் பின்தங்கியிருந்தோம். "மையத்துலயே உட்கார வெச்சு ஃபார்ம் நிரப்பிடலாம்" என்று நான் முடிவெடுத்தேன். அப்படியே நடந்தது.

சோதனை ஒரு புதன்கிழமை. வெள்ளிக்கிழமை சீல் வைக்க அதிகாரி வருகிறார். அறக்கட்டளையின் நிர்வாகி ஆவுடையப்பனும் எங்களோடு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது, எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. நாற்பது நிமிடம் முடிந்தது. திரையில் பச்சையாக எண் வந்தது: திருப்தி, 96 சதவீதம்.

"தொண்ணூத்தாறா?" என்றார் ஆவுடையப்பன். "எம் பொண்ணு பிளஸ் டூவுல கூட இவ்வளவு எடுக்கலியே."

நான் அடக்கமாக இருக்க முயன்றேன். சரியாக வரவில்லை.

மெர்சி குறைகளை வாசித்தாள். எட்டயபுரத்துக்காரர் ஒருவரின் நிழல், வார்டு டிவியில் எந்நேரமும் சமையல் நிகழ்ச்சி ஓடுகிறது, உப்பே சேர்க்கக் கூடாத ஆளுக்குப் பத்து வருடமாக ஊறுகாய் போடக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. இன்னொரு நிழல், செயலியில் தன் புகைப்படம் தன் தம்பி மாதிரி இருப்பதாகவும் தம்பியோடு பேச்சுவார்த்தை கிடையாது என்றும் சொல்லியிருந்தது. ஆவுடையப்பன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மெர்சி சிரிக்காமல் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சார், நிழல் நூத்தி இருபத்தெட்டு. பட்டியல் நூத்தி இருபத்தேழுதான் இருக்கு. ஒருத்தங்க ஒண்ணுமே சொல்லல."

"திருப்தியா இருந்திருப்பாங்க" என்றேன்.

"பத்து வருஷமா?"

"இப்படி நாலு பேரு இருந்தா மையம் நடத்துறது எவ்வளவு சுகம் தெரியுமாம்மா" என்றார் ஆவுடையப்பன்.

"சார், உங்க வீட்டுல ஆன்ட்டி எப்பல்லாம் குறை சொல்லாம இருப்பாங்க?"

"அவ ஊருக்குப் போயிருந்தா."

சொல்லிவிட்டு அவர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். மெர்சி அந்த ஒரு நிழலின் கோப்பைத் திறந்திருந்தாள்.

இசக்கித்தாய். வயது ஐம்பத்தொன்று. கோவில்பட்டியில் ஜாக்கெட் தைக்கிறவர். கணவர் இல்லை. இரண்டாம் வருடம் ஏழாம் மாதம் வரை மையத்துக்கு வந்திருக்கிறார். அதன்பின் எல்லாக் கட்டமும் காலி. கடைசி வரியில் 'பயன்பாட்டை நிறுத்திவிட்டார்' என்று இருந்தது.

"நிறுத்திட்டாங்கன்னா, வேற ஊருக்குப் போயிட்டாங்களா?" என்றேன்.

மெர்சி உடம்புக் கணக்குகள் இருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பொட்டாசியம், மூச்சு, இதயம். எனக்கே புரிந்தது.

"இறந்துட்டாங்கன்னு எழுத நம்ம திட்டத்துல ஒரு கட்டம் கிடையாது சார். நாம போடல. அதனால இயந்திரம் இப்படி எழுதியிருக்கு."

"அப்ப அந்தத் தொண்ணூத்தாறு?"

"உயிரோட இருக்கறவங்களோட சராசரி."

எப்படி நடந்தது என்று தேடுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காரணம் நான்.

திட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த அம்சம் ஒன்று இருந்தது. ஒருவருக்கு அவசரம் வந்தால் தன் காரணத்தைச் சொல்லி இன்னொருவரின் முறையைக் கேட்கலாம். அந்த இன்னொருவர் ஒரு பொத்தானை அழுத்தினால் முறை கைமாறிவிடும். அவருக்கு அடுத்துக் காலியாகும் இடம் கிடைக்கும். பொத்தானின் பெயர் 'விட்டுக்கொடுக்கிறேன்'. இரண்டு கைகள் சேர்ந்த மாதிரி படமும் வரைய வைத்திருந்தேன். இயந்திரத்துக்கு மனிதநேயம் கற்றுக்கொடுத்துவிட்டதாக ஒரு கருத்தரங்கில் பேசிவிட்டுக்கூட வந்தேன். மூன்று நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் ஆபத்து என்று எச்சரிக்கை வரும். 'புரிந்தது' என்று தொட்டால் எச்சரிக்கை போய்விடும். அந்த 'புரிந்தது' வக்கீல் கேட்டுக்கொண்டதால் வைத்தது.

இசக்கித்தாயின் நிழல் பத்தொன்பது மாதத்தில் நூற்று நாற்பத்துமூன்று முறை விட்டுக்கொடுத்திருந்தது. ஒருமுறைகூட யாரிடமும் கேட்கவில்லை.

"யாரு கேட்டாங்கன்னு பாரும்மா" என்றார் ஆவுடையப்பன். "கேக்கறதுக்கும் ஒரு அளவு இல்லையா."

மெர்சி கொஞ்சம் தயங்கினாள். பிறகு வரிசைப்படுத்தினாள். அதிகம் கேட்டவர் மேலே வந்தார். முப்பத்தெட்டு முறை. பெயர், ஆவுடையப்பன்.

நோயாளிப் பட்டியலை நான் முழுதாக வாசித்ததில்லை. எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. அந்த முழுக்கைச் சட்டையை நான்கு மாதமாக அதிகாரத் தோரணை என்றே நினைத்திருந்தேன். அவர் இடது கைச் சட்டையைச் சுருட்டி மேஜைமேல் வைத்தார். ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது.

"ஆறு வருஷமா நானும் அந்த மெஷின்லதான் படுக்கேன்" என்றார். "நான் அப்படிப்பட்ட ஆளு இல்லம்மா."

"நீங்க இன்னும் ஒண்ணும் செய்யல சார்" என்றாள் மெர்சி. "இது நடந்தது இல்ல."

அவர் காரணங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மெட்ராஸில் கூட்டம். பேத்திக்குக் காதுகுத்து. மந்திரி வருகை. தங்கச்சி வீட்டுப் பால் காய்ச்சு. "எல்லாம் நியாயமான காரணம்தானே?" என்றார், எங்களைப் பார்க்காமல்.

"நியாயம்தான் சார். நூத்தி நாப்பத்துமூணுமே நியாயமானதுதான்."

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு அவர், "அந்தப் பொத்தானைத் தூக்கிருங்க தில்லை" என்றார்.

தூக்க மூன்று நொடி போதும். நான் கையைக் கொண்டுபோனேன்.

"தூக்கினா நிழல் பிழைச்சிரும்" என்றாள் மெர்சி. "ஆனா நிஜத்துல அவங்க நேரா நர்ஸ்கிட்ட போய், 'அவுகளை முதல்ல படுக்கச் சொல்லுங்க'ன்னு எழுந்து வெளியில உட்காருவாங்க. அது நம்ம கணக்குலயே வராது. ஏன் கேக்க மாட்டேங்கறாங்கன்னு தெரியணும் சார். ஃபார்ம்ல, எந்த நேரம் வசதின்னு கேட்ட இடத்துல என்ன எழுதியிருக்கு பாருங்க."

'எப்பக் குடுத்தாலும் சரி' என்று எழுதியிருந்தது.

ஆறு வாரம் கேட்டேனே, நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்ல எல்லா உரிமையும் இருந்தது. நானாக இருந்தால் அதை அச்சடித்துச் சுவரில் மாட்டியிருப்பேன். அவள் பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வியாழன் மதியம் மூன்று மணிக்கு மூன்று பேரும் போய்ச் சேர்ந்தோம். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்து. ஒரு தையல் மெஷின், ஒரு பெஞ்ச், மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை. இசக்கித்தாய் ஒல்லியாக, கழுத்தில் அளவுநாடாவோடு இருந்தார். ஆவுடையப்பனைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"சார்வாள் எதுக்கு இம்புட்டு தூரம். சொல்லிவிட்டா நான் வந்திருப்பேனே."

நிழலுக்கு என்ன ஆனது என்று அந்த நோயாளியிடம் சொல்லக் கூடாது என்பது விதி. தன் சாவைப் பற்றிய செய்தியைக் கேட்டுவிட்டு ஒருவர் எப்படி ஜாக்கெட் தைப்பார். மெர்சி பையிலிருந்து ஒரு பச்சைத் துணியை எடுத்துக் கொடுத்தாள். இசக்கித்தாய் அளவெடுக்க ஆரம்பித்தார்.

"எப்ப கிடைக்கும்க்கா?"

"அடுத்த சனி சாயந்தரம்."

"புதன்கிழமை ஒரு விசேஷம் இருக்கே."

"அப்ப வேற கடை பாரும்மா. புதன் முடியாது."

"கொஞ்சம் முன்னப்பின்ன..."

"முன்னும் கிடையாது பின்னும் கிடையாது. வாய் கூசாம வாங்கிப்போட்டுட்டு இழுத்தடிக்கிறவ நான் இல்ல. சனின்னா சனி. கையைத் தூக்கு."

மெர்சி கையைத் தூக்கினாள். நான் அசந்துபோய் நின்றேன். நூற்று நாற்பத்துமூன்று முறை விட்டுக்கொடுத்த வாய் இதுதானா.

"ஏன்க்கா புதன் முடியாது?"

"திங்கள், புதன், வெள்ளி மெஷின்ல போடுதாக. சாயந்தர ஷிப்ட். பகல் பூரா அதுக்கு முந்தி உடம்பு கனத்துக் கிடக்கும், ஊசில நூல் கோக்க முடியாது. ராத்திரி வீட்டுக்கு வந்து விழுந்தா மறுநாள் உச்சி வரைக்கும் தலை தூக்க முடியாது. வாரத்துல மூணு நாளுதான் எனக்கு வாரம்."

"காலைல போட்டா?"

"காலைல போட்டா மத்தியானம் படுத்து எந்திரிச்சு, சாயந்தரம் ஹூக்காவது தைப்பேன். மறுநாள் முழு நாளு கிடைக்கும்." சொல்லிக்கொண்டே தோளிலிருந்து இடுப்புக்கு நாடாவை இறக்கினார். "அது கிடக்கட்டும், இடுப்பு முப்பத்திரண்டு."

"இதை ஏன்க்கா நீங்க ஃபார்ம்ல எழுதல?"

நாடா நின்றது. இசக்கித்தாய் ஆவுடையப்பனை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி மெர்சியிடம் மட்டும் சொன்னார்:

"இது என் கடை. இங்க நான் முடியாதும்பேன். அது தருமத்துல கிடைக்கது தாயி. கோயில்ல சோறு போடுறப்ப, எனக்குப் புளியோதரை வேண்டாம் பொங்கல் போடுன்னு இலையை நீட்டவா முடியும்? உசுரைக் குடுக்காக. அதுல போயி காலைல குடு, மத்தியானம் குடுன்னு அளவு சொன்னா நல்லாவா இருக்கும். யாராவது கேட்டா எந்திரிச்சுக் குடுத்திருவேன். என்னால திருப்பிச் செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான்."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நான்கு மாதம், எண்பத்தேழு பக்கத் திட்டம், இரண்டு கைகள் சேர்ந்த ஒரு படம். அதில் எங்கேயும் இந்த நாலு வரி இல்லை. மெர்சி ஒரு ஜாக்கெட் அளவெடுக்கிற நேரத்தில் வாங்கிவிட்டாள்.

ஆவுடையப்பன் வாசலிலிருந்து உள்ளே வந்தார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே வந்தார்.

"இந்தா பாருங்கம்மா" என்று கையை நீட்டினார். "நானும் ஆறு வருஷமா அங்கதான். நானும் சல்லிக்காசு குடுக்கல. எனக்கு இந்த நாளு வேணும், அந்த நேரம் வேணும்னு கேக்குறேன். ஒரு நாளும் கூசல. நீங்க மட்டும் எதுக்குக் கூசணும்?"

இசக்கித்தாய் அந்தக் கையையே பார்த்தார். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. நிர்வாகிக்குத் தனி அறை.

"உங்களுக்கு என்ன, நீங்க சார்வாள்" என்றார்.

"மெஷினுக்கு அது தெரியாதும்மா. கேளுங்க. எந்த நாளு வேணும்?"

இசக்கித்தாய் நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"செவ்வாய், வியாழன், சனி" என்றார் கடைசியில், தரையைப் பார்த்து. "காலைல. முகூர்த்தத் துணி எல்லாம் புதன்லயும் வெள்ளிலயும்தான் கேட்டு வாராக. இருந்தாக் குடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மையத்தின் அட்டவணை எனக்கு மனப்பாடம். செவ்வாய், வியாழன், சனி காலை ஷிப்டில் ஒரு இடம்கூடக் காலி இல்லை. எல்லா மெஷினிலும் பெயர் எழுதியாகிவிட்டது. ஐந்தாம் எண் மெஷினில் ஆவுடையப்பன்.

நான் வாயைத் திறந்தேன். மெர்சி என் காலை மிதித்தாள். செருப்போடு மிதித்தாள்.

"எழுதிக்கோங்க தில்லை" என்றார் ஆவுடையப்பன். "அஞ்சாம் நம்பர் மெஷின் காலியாத்தான் இருக்கு."

"சார், உங்க..."

"காலியா இருக்குங்கேன். இனிமே அது இவுகளுக்கு. வேற யாரு கேட்டாலும், இவுகளே குடுத்தாலும் கைமாறக் கூடாது. மூணு நாளுக்கு மேல இடைவெளி விழுற மாதிரி இருந்தா ஒவ்வொருத்தருக்கும் அப்படிப் பூட்டி வைங்க. பொத்தான் அழுத்தினாலும் அசையப்படாது. செய்ய முடியுமா?"

"முடியும் சார். ஆனா ஃபார்ம் எல்லாம் திரும்பக் கேக்கணும், வீடு வீடா. நாளைக்கு அதிகாரி வராரே? இதை விட்டா அடுத்த தேதி மூணு மாசம் கழிச்சு."

"அஞ்சு வருஷம் பூட்டப்போற கதவு. மூணு மாசம் திறந்து கிடந்தா என்ன. நான் அவர்கிட்டப் பேசிக்கிடுதேன்."

சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். இனி திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் அவருக்கு. எத்தனை கூட்டம் போகும், எத்தனை காதுகுத்து போகும் என்று எனக்குக் கணக்குப் போடத் தோன்றியது. போடவில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நிழல்களைச் செய்கிற இயந்திரம் மனிதர்களை அச்சு அசலாக எடுத்துவிடும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். முந்தைய நாள் அது செய்து காட்டிய ஆவுடையப்பனை நான் பார்த்தேன். வாசலில் நின்றவர் அந்த ஆள் இல்லை.

இசக்கித்தாய்க்கு இது எதுவும் தெரியாது. இடம் காலியாக இருந்ததே என்ற ஆச்சரியம்தான் முகத்தில். கேட்டது கிடைத்துவிட்ட ஆச்சரியம். அதை முழுதாக நம்பாமல், இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கிறவர் போல மெர்சியிடம் கேட்டார்:

"அப்ப... வேற ஏதாவது இருந்தாலும் சொல்லலாமா தாயி?"

"சொல்லுங்கக்கா."

"அந்த வார்டுல ஏசி நேரா மூஞ்சில அடிக்கி. ஒரு சாக்குத் துணியாவது கட்டலாம்."

நான் குறித்துக்கொண்டேன்.

"கட்டில் உசரம் ஜாஸ்தி. ஏற முடியல. நர்ஸம்மா ஒருத்தி, பேரு வேண்டாம், ஊசி போடுறப்ப போன் பேசுதா. எடை பாக்குற மெஷின் பொய் சொல்லுது. நான் துணி நிறுக்கிற தராசை எடுத்துட்டு வந்து காட்டுதேன் பாருங்க. பாத்ரூம் தாப்பா விழாது. கடைசி பஸ் எட்டரைக்கு, இவுக எட்டு நாப்பதுக்கு ஊசியை உருவுதாக. அந்தப் பத்து நிமிஷத்துக்காக எத்தனை நாளு ஆட்டோவுக்குக் கெஞ்சியிருக்கேன் தெரியுமா..."

எங்கேயிருந்துதான் வந்ததோ. மெர்சி பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, முகத்தில் அத்தனை சந்தோஷத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற ஆவுடையப்பன் உள்ளே தலையை நீட்டி, "தாப்பாளா? எந்த பாத்ரூம்?" என்றார். அரை மணி நேரம் போனது. பதினேழாவது குறை, மையத்தில் தருகிற பிஸ்கட் பற்றியது. அதைக் குறிக்கும்போது என் கைக்கணினி சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது.

"ஒரு நிமிஷம்க்கா" என்றேன்.

"நிமிஷமெல்லாம் விட்டா மறந்திரும் தம்பி" என்றார் இசக்கித்தாய். வெட்டிப்போட்ட லைனிங் துணியில் ஒரு பெரிய துண்டை எடுத்து என் மடியில் விரித்தார். துணியில் கோடு போடுகிற நீலச் சாக்கட்டியைக் கையில் திணித்தார்.

"இதுல எழுதுங்க. பதினெட்டு."